அணைக்கரைப் பிள்ளைகளுக்கு யார் வகுப்பெடுப்பது?

மதகுக்குச் சட்டம் உண்டு, மீனுக்குச் சட்டம் உண்டு. தூண்டிலோடு நிற்கும் சிறுவனுக்கு இல்லை

நமது நாடாளுமன்றச் செய்தியாளர்

புதுதில்லி: அணைகளின் பாதுகாப்புக்கென நாடாளுமன்றம் 2021-ல் ஒரு சட்டம் இயற்றியது. மீன்வளத்துக்கென 2019-ல் தனி அமைச்சகம் ஏற்படுத்தப்பட்டது. நீரில் மூழ்கி இறப்பதைத் தடுக்க மத்திய சுகாதார அமைச்சகம் 2023 டிசம்பரில் செயல்திட்ட வரைவு ஒன்றை வெளியிட்டது. இவை மூன்றும் ஒரே நீர்ப்பரப்பைப் பற்றியவை. ஆனால், அந்த நீர்ப்பரப்பின் கரையில் பள்ளி விட்டதும் தூண்டிலோடு வந்து நிற்கும் சிறுவனை எந்த அமைச்சகத்தின் கோப்பில் தேடுவது என்ற கேள்விக்கு மட்டும் விடை இல்லை.

இக்கேள்வி தில்லியில் பிறந்ததல்ல. தமிழகமும் கேரளமும் சந்திக்கும் வாளையாரில், பரம்பிக்குளத்தில், குமுளியில், மறையூரில் அன்றாடம் எழுவது. மேற்குத் தொடர்ச்சி மலையின் இருபுறமும் கடந்த ஒன்றேகால் நூற்றாண்டில் கட்டப்பட்ட அணைகள், கடலையே காணாத கிராமங்களை நீர்க்கரைக் கிராமங்களாக மாற்றிவிட்டன. கடற்கரைச் சிறுவனுக்கு நீரைப் பற்றிய அறிவு தலைமுறை தலைமுறையாகக் கிடைக்கிறது. அணைக்கரைச் சிறுவனுக்கு அத்தகைய மரபு இல்லை. அவன் தாத்தா காலத்தில் அங்கே இருந்தது காடோ வயலோதான்.

பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பாகவும், மீன் இனம் அழியாமலும் மீன் பிடிக்கக் கற்றுத் தரும் நடமாடும் பயிற்சி முகாம்கள் சில நாடுகளில் பல ஆண்டுகளாக நடைபெற்று வருகின்றன. ஒரு வாகனம், சில தூண்டில்கள், மிதவை அங்கிகள், இரண்டு மூன்று பயிற்றுநர்கள்: இவ்வளவே அதற்குத் தேவை. நம் எல்லைப்புறப் பள்ளிகளுக்கு இது ஏன் இன்னும் வந்து சேரவில்லை என்பதை ஆராய்ந்தால், நம் நிர்வாக அமைப்பின் ஒரு முக்கியமான விரிசல் தென்படுகிறது.

எல்லையில் ஓர் ஏரி

கோவையிலிருந்து பாலக்காடு செல்லும் தேசிய நெடுஞ்சாலையில், மலைத்தொடர் இடைவெளி விடும் இடத்தில் அமைந்திருக்கிறது வாளையார். சரக்கு-சேவை வரி 2017 ஜூலையில் நடைமுறைக்கு வரும்வரை, லாரிகள் வரிசை கட்டி நிற்கும் சோதனைச்சாவடியாகவே அவ்வூரைத் தமிழகம் அறிந்திருந்தது. சோதனைச்சாவடிக்கு அப்பால், பாரதப்புழையின் கிளை நதியான கல்பாத்திப்புழையில் சேரும் வாளையாற்றின் குறுக்கே பாசனத்துக்காகக் கட்டப்பட்ட அணை இருக்கிறது. மலையடிவாரத்தில் பரந்து கிடக்கும் அந்த நீர்த்தேக்கத்துக்கு யானைகள் நீர் அருந்த வருகின்றன. தமிழும் மலையாளமும் கலந்து பேசும் குடும்பங்கள் அதைச் சுற்றி வாழ்கின்றன.

2021 செப்டம்பரில் கோவைப் பகுதியிலிருந்து வந்த 3 கல்லூரி மாணவர்கள் இந்த நீர்த்தேக்கத்தில் மூழ்கி உயிரிழந்தனர். அச்செய்தி இரு மாநில நாளிதழ்களிலும் வெளிவந்தது. வெளியூர்க்காரர்கள் என்பதால் அது பெரிய செய்தியாயிற்று. உள்ளூர்ச் சிறுவன் ஒருவன் குளத்திலோ வாய்க்காலிலோ மூழ்கினால், அது மாவட்டப் பக்கத்தில் நான்கு வரியோடு முடிந்துவிடுவதே வழக்கம்.

நீர்த்தேக்கம் ஏரியைப் போலத் தோன்றினாலும் ஏரி அல்ல. ஏரியின் கரை மெல்லச் சரியும். நீர்த்தேக்கத்தின் அடியில் பழைய ஆற்றுப் படுகையும், மண் தோண்டிய குழிகளும், மூழ்கிய மரக்கட்டைகளும் கிடக்கின்றன. முழங்கால் அளவு நீரில் நிற்பவன் அடுத்த அடியில் ஆளை மூழ்கடிக்கும் பள்ளத்தில் இறங்கிவிடக் கூடும். நீர்மட்டம் இறங்கும் கோடையில் கரையோரம் படியும் வண்டல், மேலே காய்ந்தும் உள்ளே சேறாகவும் இருக்கும். அணைக்குக் கீழே ஆற்றில் நிற்பவனுக்கு மதகு திறப்பது ஆபத்து. அமராவதி அணைப் பகுதியில் முதலைகளும் உண்டு. இவற்றில் எதுவும் பள்ளிப் பாடநூலில் பாடமாக இல்லை.

எண்ணிக்கை சொல்லும் உண்மை

உலக சுகாதார நிறுவனம் 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையின்படி, 2021-ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர். 5 முதல் 14 வயது வரையிலான சிறாரின் உயிரைப் பறிக்கும் காரணங்களில் இது மூன்றாவது இடத்தில் உள்ளது. இந்தியாவில் 2021, 2022 ஆகிய ஆண்டுகளில் ஒவ்வோர் ஆண்டும் 35 ஆயிரத்துக்கும் அதிகமானோர் நீரில் மூழ்கி இறந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் விபத்து மரணப் பட்டியல்கள் தெரிவிக்கின்றன.

ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2021 ஏப்ரலில், வங்கதேசமும் அயர்லாந்தும் முன்மொழிந்த தீர்மானத்தை ஏற்று, ஜூலை 25-ஆம் தேதியை நீரில் மூழ்குதல் தடுப்பு நாளாக அறிவித்தது. பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு நீச்சலின் அடிப்படைகளையும், நீரருகே நடந்துகொள்ளும் முறையையும், தன் உயிரைப் பணயம் வைக்காமல் பிறரைக் காப்பாற்றும் வழியையும் கற்றுத் தர வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் வலியுறுத்தும் நடவடிக்கைகளுள் ஒன்று.

கேரளத்துக்கு இந்த வலி புதிதல்ல. 2007 பிப்ரவரி 20-ல் தட்டேக்காட்டில் பெரியாற்றில் சுற்றுலாப் படகு மூழ்கி 15 பள்ளி மாணவர்களும் 3 ஆசிரியர்களும் மடிந்தனர். 2009 செப்டம்பர் 30-ல் தேக்கடி ஏரியில் 'ஜலகன்யகா' படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தனர். 2023 மே 7-ல் மலப்புரம் மாவட்டம் தானூரில் மேலும் ஒரு படகு கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்தனர். அவர்களில் பலர் குழந்தைகள்.

ஒவ்வொரு விபத்துக்குப் பின்னரும் விசாரணைக் கமிஷன் அமைக்கப்பட்டது. ஒவ்வொரு கமிஷனும் படகைப் பற்றி விசாரித்தது: எத்தனை பேர் ஏறலாம், யார் உரிமம் தந்தார், மிதவை அங்கி இருந்ததா என்று. அவை தேவையான விசாரணைகளே. ஆனால் படகில் ஏறாமல், கரையில் நின்று, ஒருவர் ஒருவராக மூழ்கும் பிள்ளைகளுக்காகக் கமிஷன் அமைக்கப்படுவதில்லை. ஒரே நாளில் 45 பேர் இறந்தால் அது பேரிடர்; 45 நாளில் 45 பேர் இறந்தால் அது புள்ளிவிவரம்.

மீனுக்கும் ஆபத்து

ஆபத்து பிள்ளைகளுக்கு மட்டுமல்ல. இடுக்கி மாவட்டத்தின் கிழக்கு விளிம்பில், சின்னாறு சரணாலயத்தின் வழியே பாம்பாறு ஓடுகிறது. கேரளத்தில் கிழக்கு நோக்கிப் பாயும் மூன்று ஆறுகளுள் இது ஒன்று; மற்றவை கபினி, பவானி. தமிழகத்துக்குள் நுழைந்து அமராவதியோடு கலக்கும் இந்தச் சிற்றாற்றில் பிடிக்கப்பட்ட ஒரு மாஷீர் கெண்டையை ஆய்வாளர்கள் 2007-ல் புதிய இனமாக விவரித்தனர்.

காவிரியில் 50 கிலோவுக்கு மேல் வளர்ந்து, உலகெங்கும் உள்ள தூண்டில்காரர்களை நூறாண்டுகளுக்கு மேலாக ஈர்த்து வந்த திமில் மாஷீர் மீனும் இதே இனம்தான் என்பது 2018-ல் வெளியான ஆய்வில் உறுதிப்பட்டது. அதே ஆண்டில் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை மிகக் கடுமையான அழிவு ஆபத்தில் உள்ள இனங்களின் பட்டியலில் சேர்த்தது. அறிவியல் பெயர் கிடைத்த 11 ஆண்டுகளில் அழிவுப் பட்டியலிலும் பெயர் ஏறிவிட்டது.

அணைகள், மணல் கொள்ளை, வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட மீன்கள் எனக் காரணங்கள் பல. அவற்றோடு, வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மின்சாரம் பாய்ச்சியும் மீன் பிடிப்பதும் ஒன்று. வெடி வெடித்த மடுவில் பெரிய மீன்கள் மிதக்கும். அவற்றை அள்ளிக்கொண்டு போவார்கள். மிதக்காமல் அடியில் தங்கும் மீன்களும், முட்டையும் குஞ்சும் கணக்கில் வருவதில்லை. வெடியைக் கையாளும்போது விரலையும் கண்ணையும் இழப்பவர்களும் உண்டு. இங்கே மனிதனின் பாதுகாப்பும் மீனின் பாதுகாப்பும் ஒரே பாடம்.

தென்மேற்குப் பருவமழையின் முதல் வெள்ளத்தில், முட்டை நிறைந்த மீன்கள் ஆற்றிலிருந்து வாய்க்கால்கள் வழியே வயல்களுக்கு ஏறி வரும். மலையாளத்தில் இதை 'ஊத்த' என்பர். வழியில் கூடும் வலையும் வைத்து அவற்றைப் பிடிப்பது நெடுங்கால வழக்கம். 2010-ஆம் ஆண்டின் கேரள உள்நாட்டு மீன்வளச் சட்டத்தின் கீழ் இது தடை செய்யப்பட்டுள்ளது. எனினும், முதல் மழைக்கு மீன் ஏறுவதைப் பார்க்க ஓடும் சிறுவனுக்கு, அந்த ஒரு மீனின் வயிற்றில் அடுத்த ஆண்டின் ஆயிரக்கணக்கான மீன்கள் இருக்கின்றன என்று யார் சொல்வது? காவலர் சொன்னால் அது மிரட்டல். ஆசிரியர் சொன்னால்தான் பாடம்.

1873-ல் சொன்னது

இந்தக் கவலை இன்று தோன்றியதல்ல. சென்னை மாகாணத்தில் மருத்துவராகப் பணியாற்றி, பின்னர் இந்திய மீன்வளத் தலைமை ஆய்வாளராக இருந்த பிரான்சிஸ் டே, இந்தியா மற்றும் பர்மாவின் நன்னீர் மீன்கள் குறித்த தமது அறிக்கையை 1873-ல் வெளியிட்டார். குஞ்சு மீன்களை அள்ளும் சிறுகண் வலைகளும், ஆற்றில் நஞ்சு கலப்பதும் மீன் இனத்தை அழித்து வருவதை அவர் விரிவாகப் பதிவு செய்தார். அவரும் அவரைப் போன்றோரும் எழுப்பிய குரலின் விளைவாக 1897-ல் இந்திய மீன்பிடிச் சட்டம் பிறந்தது.

வெடியையும் நஞ்சையும் தடை செய்த அச்சட்டம் விதித்த தண்டனை, அதிகபட்சமாக 2 மாதச் சிறை அல்லது 200 ரூபாய் அபராதம். பிற்பாடு மாநிலங்கள் தத்தம் சட்டங்களைக் கடுமையாக்கின. ஆனால் அணுகுமுறை மாறவில்லை. 1897 முதல் இன்றுவரை நம் மீன்வளச் சட்டங்கள் 'செய்யாதே' என்று சொல்கின்றன. எப்படிச் செய்ய வேண்டும் என்று கற்றுத் தரும் கடமையை அவை எவர்மீதும் சுமத்தவில்லை.

ஒப்பந்தத்தில் மீன் உண்டு

முல்லைப் பெரியாறு என்றதும் தமிழக வாசகர்களுக்கு நினைவுக்கு வருவது 142 அடி. ஆனால் அந்த ஒப்பந்தத்தில் மீனுக்கும் ஓர் இடம் உண்டு என்பது பலரும் மறந்துவிட்ட செய்தி. 1886-ல் திருவிதாங்கூர் மகாராஜாவுக்கும் பிரிட்டிஷ் அரசுக்கும் இடையே 999 ஆண்டுகளுக்குக் கையெழுத்தான குத்தகை, ஏரியில் மீன் பிடிக்கும் உரிமையையும் சென்னை மாகாணத்துக்கே அளித்தது. 1970 மே 29-ல் கையெழுத்தான துணை ஒப்பந்தங்களின் மூலம் அந்த உரிமையைத் தமிழகம் கேரளத்துக்கு விட்டுக்கொடுத்தது. குத்தகைத் தொகை ஏக்கருக்கு 5 ரூபாயிலிருந்து 30 ரூபாயாக உயர்ந்தது. பெரியாற்று நீரிலிருந்து மின்சாரம் எடுக்கும் உரிமை தமிழகத்துக்கு உறுதி செய்யப்பட்டது.

பரம்பிக்குளம் - ஆழியாறு ஒப்பந்தமும் அதே 1970-ல் கையெழுத்தானது. அங்கே அணை கேரள மண்ணில், இயக்குவது தமிழகம். ஆக, நீர், நிலம், மின்சாரம், மீன் எனத் தனித்தனியே பங்கிட்டுக்கொள்ள இரு மாநிலங்களாலும் முடிந்திருக்கிறது. நீர்க்கரையில் வாழும் பிள்ளைகளின் பாதுகாப்பு மட்டும் எந்த ஷரத்திலும் இடம்பெறவில்லை.

அணைப் பாதுகாப்புச் சட்டமும் இதற்கு விதிவிலக்கல்ல. 2019 ஆகஸ்டில் மக்களவையிலும், 2021 டிசம்பரில் மாநிலங்களவையிலும் நிறைவேறிய அச்சட்டத்தின் மீதான விவாதத்தில் தமிழக உறுப்பினர்கள் மாநில உரிமையை முன்வைத்துக் கடுமையாக எதிர்த்துப் பேசினர். அணை உடையாமல் காப்பதும், உடையும் நிலை வந்தால் மக்களை எச்சரிப்பதுமே சட்டத்தின் நோக்கம். அணை உறுதியாக நிற்கும் சாதாரண நாளில் கரையில் நிகழும் மரணம் அதன் வரம்புக்குள் வரவில்லை.

முகாமில் என்ன கற்பிப்பார்கள்?

நடமாடும் மீன்பிடிப் பயிற்சி முகாம் என்பது பிள்ளைகளை மீனவர்களாக்கும் திட்டமல்ல. அரை நாளில் முடியும் பயிற்சி அது. முதல் பாதி கரையில் நடக்கும். தூண்டில் கடைசியில்தான் கைக்கு வரும்.

தனியாக நீரருகே போகக் கூடாது. போகுமிடத்தை வீட்டில் சொல்லிவிட்டுப் போக வேண்டும். இடி மின்னலின்போது நீண்ட கம்போடு திறந்த வெளியில் நிற்கக் கூடாது. மேலே மின்கம்பி செல்லும் இடத்தில் தூண்டில் வீசக் கூடாது. நனைந்த பாறையில் செருப்பில்லாமலும் வழுக்கும் செருப்போடும் நிற்கக் கூடாது என்பவை முதல் பாடங்கள். தூண்டிலை வீசும் முன் பின்னால் ஆள் இருக்கிறதா என்று திரும்பிப் பார்ப்பதும், முள் குத்தினால் இழுக்காமல் மருத்துவரிடம் செல்வதும் அடுத்தவை.

எல்லாவற்றிலும் முக்கியமானது, நண்பன் மூழ்கும்போது என்ன செய்வது என்பது. ஒருவனைக் காப்பாற்றக் குதித்து இருவர், மூவர் இறப்பது நம் நாட்டில் அடிக்கடி கேள்விப்படும் துயரம். 'குரல் கொடு, கம்பை நீட்டு, மிதப்பதை எறி, குதிக்காதே' என்ற நான்கு சொற்றொடர்களைப் பத்து வயதுப் பிள்ளையால் மனப்பாடம் செய்ய முடியும். மூடி இறுக்கிய காலி பிளாஸ்டிக் கேனில் கயிற்றைக் கட்டி எறிவதை ஒரு பிற்பகலில் பழகிக்கொள்ள முடியும்.

மீனைப் பற்றிய பாடம் இரண்டாம் பாதி. கட்லா, ரோகு, மிர்கால் ஆகியவற்றை அடையாளம் காண்பது. 1952-ல் நம் நாட்டுக்கு வந்து இன்று நீர்த்தேக்கங்களில் பெருகிவிட்ட ஜிலேபிக் கெண்டைக்கும் உள்ளூர்க் கெண்டைக்கும் வேறுபாடு அறிவது. முட்டையோடு இருக்கும் மீனையும் சிறிய மீனையும் ஈரக் கையால் பிடித்து நீரிலேயே விடுவது. அறுந்த நைலான் நரம்பைக் கரையில் போடாமல் சுருட்டி எடுத்து வருவது. வளர்ப்புத் தொட்டி மீனை ஆற்றில் விடாமல் இருப்பது ஆகியவை இதில் அடங்கும். 2018 பெருவெள்ளத்துக்குப் பின் கேரள ஆறுகளில் அமேசானின் அராபைமா மீன்கள் வலையில் சிக்கியதை நினைவுகூர்ந்தால், கடைசிப் பாடத்தின் அவசியம் புரியும்.

அயல்நாட்டு அனுபவம்

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், மீன்வளத் துறையின் தன்னார்வலர்கள் தொடக்கப் பள்ளிகளுக்குச் சென்று இத்தகைய வகுப்புகளையும் கரையோரப் பயிற்சிகளையும் நடத்துகின்றனர். பொழுதுபோக்குக்காக மீன் பிடிப்போர் செலுத்தும் உரிமக் கட்டணம் தனி அறக்கட்டளை நிதியில் சேர்க்கப்பட்டு, அதிலிருந்து கல்விப் பணிகளுக்கும் செலவிடப்படுகிறது.

அமெரிக்காவில் தூண்டில் சாதனங்கள் மீது விதிக்கப்படும் கலால் வரி, 1950-ஆம் ஆண்டின் சட்டப்படி மாநிலங்களின் மீன்வளப் பணிகளுக்குப் பிரித்தளிக்கப்படுகிறது. 1984-ல் அந்நாட்டு நாடாளுமன்றம் கொண்டுவந்த திருத்தம், அந்நிதியின் ஒரு பகுதியை நீர்வளக் கல்விக்குச் செலவிட வழி செய்தது. பள்ளி மைதானங்களுக்கும் குளக்கரைகளுக்கும் பயிற்றுநர்கள் வருவதற்கு அடிப்படை, ஒரு சட்டத் திருத்தத்தின் ஒரு பிரிவு என்பதை நம் உறுப்பினர்கள் கவனிக்க வேண்டும்.

செல்வந்த நாடுகளின் உதாரணம் நமக்குப் பொருந்துமா என்று கேட்போருக்கு வங்கதேசம் பதில் சொல்கிறது. கிராமக் குளங்களில் மூங்கில் தட்டிகளால் ஆழத்தைக் கட்டுப்படுத்தி, உள்ளூர் இளைஞர்களையே பயிற்றுநர்களாக்கி, பிள்ளைகளுக்கு உயிர்காப்பு நீச்சல் கற்பிக்கும் முறை அங்கே 2000-களின் நடுவில் தொடங்கியது. அது மரணங்களைப் பெருமளவு குறைத்ததாக ஆய்வுகள் காட்டவே, 2022-ல் அரசே அதைத் தன் திட்டமாக ஏற்றது. நீச்சல் குளம் கட்டக் காத்திருந்தால், அதற்குள் ஒரு தலைமுறை வளர்ந்துவிடும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

நம்மிடம் இருப்பவை

நம் நாட்டிலும் துண்டு துண்டாக முயற்சிகள் உண்டு. கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட கடல் உணவு ஏற்றுமதி வளர்ச்சி ஆணையத்தின் கீழ் 2007-ல் ஏற்படுத்தப்பட்ட 'நெட்ஃபிஷ்' அமைப்பு, மீனவர்களிடமும் கடலோர மாணவர்களிடமும் வளம் குன்றாத மீன்பிடிப்பு பற்றி வகுப்புகளும் தெரு நாடகங்களும் நடத்தி வருகிறது. ஆழிப்பேரலைக்குப் பின் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 2009-ல் பூம்புகாரில் நிறுவிய 'அனைவருக்கும் மீன்' பயிற்சி மையமும் கடலோர மக்களுக்குப் பயிற்சி அளிக்கிறது. இவை இரண்டின் பார்வையும் கடல் நோக்கியது. ஏற்றுமதி அங்கே இருக்கிறது, அணைக்கரையில் இல்லை.

வாகனத்தில் பாடம் கொண்டு செல்வதும் நமக்குப் புதிதல்ல. 2007 அக்டோபரில் தில்லியில் பிரதமர் மன்மோகன் சிங்கும் ஜெர்மனி பிரதமர் ஏங்கலா மெர்கலும் தொடங்கி வைத்த 'அறிவியல் விரைவு ரயில்', 2017 வரை பல கட்டங்களாக நாடெங்கும் சுற்றி வந்தது. தமிழக அரசு 2022 நவம்பரில் தொடங்கிய 'வானவில் மன்றம்' திட்டத்தில், 13 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளுக்குக் கருத்தாளர்களே அறிவியல் கருவிகளோடு செல்லும் ஏற்பாடு செய்யப்பட்டது. கருவிப் பெட்டியில் ஒரு மிதவை அங்கியும் ஒரு கயிறும் சேர்ந்தால், எல்லையோரப் பள்ளிகளுக்கான முதல் முகாம் தயார்.

பாலக்காடு மாவட்ட நீர்த்தேக்கங்களில் மீன் பிடிக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களின் கூட்டுறவுச் சங்கங்களும் உள்ளன. 1990-களில் இந்திய - ஜெர்மன் கூட்டுத் திட்டத்தின்போது இவை ஊக்கம் பெற்றன. பெரியாறு ஏரியில் மன்னான் பழங்குடியினர் தலைமுறைகளாக மீன் பிடிக்கின்றனர். நீரின் போக்கும் மீனின் பழக்கமும் அறிந்த இவர்களைவிடச் சிறந்த பயிற்றுநர்கள் எந்தப் பல்கலைக்கழகத்திலும் கிடைக்க மாட்டார்கள். பனங்காட்டில் இயங்கும் கேரள மீன்வளப் பல்கலைக்கழகம் அவர்களுக்குச் சான்றிதழ் வழங்கும் பணியை ஏற்கலாம்.

கோப்பு எங்கே நிற்கிறது?

அரசியல் சட்டத்தின் ஏழாம் அட்டவணையைப் புரட்டினால் சிக்கல் விளங்கும். உள்நாட்டு மீன்வளம் மாநிலப் பட்டியலில் 21-ஆவது இனம். நீர், அதே பட்டியலில் 17-ஆவது இனம். பொது சுகாதாரம் 6-ஆவது இனம். கல்வி, 1976-ல் நிறைவேறிய 42-ஆவது திருத்தத்தால் பொதுப் பட்டியலுக்கு மாற்றப்பட்டது. சரணாலயத்துக்குள் என்றால் வனத்துறை.

தில்லியிலும் இதே நிலைதான். மீன்வளம் ஓர் அமைச்சகம். அணை, ஜல சக்தி அமைச்சகம். நீரில் மூழ்குவது சுகாதாரம். பள்ளி, கல்வி அமைச்சகம். நாடாளுமன்றத் துறைசார் நிலைக்குழுக்களும் இதையொட்டியே பிரிந்துள்ளன. கேள்வி நேரத்தில் ஓர் உறுப்பினர் இதைப் பற்றிக் கேள்வி கொடுத்தால், எந்த அமைச்சருக்கு அனுப்புவது என்பதிலேயே செயலகம் தடுமாறும். பெரும்பாலும் 'இது மாநில அரசின் பொறுப்பு' என்ற ஒற்றை வரியே விடையாக வரும்.

பணம் இல்லை என்று சொல்ல முடியாது. 2020 செப்டம்பரில் தொடங்கப்பட்ட பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தின் மதிப்பு 20,050 கோடி ரூபாய். குளம் வெட்டவும், நீர்த்தேக்கங்களில் கூண்டுகள் அமைக்கவும், மீனை ஏற்றிச் செல்லப் பனிக்கட்டிப் பெட்டியோடு இருசக்கர வாகனம் வாங்கவும் அதில் மானியம் உண்டு. மீன் சந்தைக்குப் போக வண்டி இருக்கிறது. மீனைப் பற்றிய அறிவு பள்ளிக்குப் போகவும் ஒரு வண்டி தேவை.

தேசியக் கல்விக் கொள்கை 2020, 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை மாணவர்கள் புத்தகப்பை இன்றி 10 நாள்கள் உள்ளூர்த் தொழில்களை அறிந்துகொள்ள வேண்டும் என்கிறது. அக்கொள்கையைத் தமிழகம் ஏற்கவில்லை. 2025 ஆகஸ்டில் தனது மாநிலக் கல்விக் கொள்கையை வெளியிட்டது. கொள்கைச் சண்டை தொடரலாம். ஆனால் நீர்க்கரையில் உயிர் பிழைக்கும் கல்வி, மும்மொழிக்கும் இருமொழிக்கும் இடையே நசுங்க வேண்டியதில்லை. எந்தப் பெயரில் வந்தாலும் பிள்ளைகளுக்கு அது நன்மையே.

எதிர்ப்பும் விளக்கமும்

மீன் பிடிக்கக் கற்றுக் கொடுத்தால் பிள்ளைகள் மேலும் அதிகமாக அணைக்குப் போவார்களே என்று பெற்றோர் அஞ்சுவது நியாயமே. ஆனால் அவர்கள் இப்போதும் போகிறார்கள். 'நீராடத் தடை' என்ற பலகை எல்லா அணைகளிலும் இருக்கிறது. அதன் அடியிலேயே துணியைக் கழற்றி வைத்துவிட்டு இறங்குகிறார்கள். போவதைத் தடுக்க முடியாத இடத்தில், போகும் முறையைக் கற்பிப்பதே அறிவுடைமை.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் கனமானது. 2016 ஜூலையில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய குழந்தைத் தொழிலாளர் சட்டத் திருத்தம், ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பள்ளி நேரத்துக்குப் பின் பிள்ளைகள் உதவுவதை அனுமதித்தது. குலத்தொழிலுக்குப் பின்வாசல் திறக்கப்படுகிறது என்று அப்போதே எதிர்ப்பு எழுந்தது. மீன்பிடிப் பயிற்சியும் அத்தகைய வாசலாகிவிடக் கூடாது. அதற்கு வழி, மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டுமின்றி, நீர்நிலை அருகேயுள்ள பள்ளியின் எல்லாப் பிள்ளைகளுக்கும், பெண் பிள்ளைகள் உள்பட, ஒரே பயிற்சி அளிப்பது. பிடித்த மீனை விற்பதற்கு முகாமில் இடமில்லை.

மூன்றாவது, உரிமை பற்றியது. கூட்டுறவுச் சங்கங்களுக்கு உரிமையுள்ள நீர்த்தேக்கத்தில் வெளியார் தூண்டில் போடுவது அவர்களின் வயிற்றில் அடிப்பதாகும். சரணாலய நீரில் அனுமதியின்றி மீன் பிடிப்பது குற்றம். எங்கே பிடிக்கலாம், எங்கே கூடாது, யாருடைய உரிமை எது என்பதையும் பிள்ளைகள் கற்க வேண்டும். குடிமைப் பயிற்சிக்கு இதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது.

எந்த மொழியில்?

எல்லைப் பகுதிக்கே உரிய கேள்வி ஒன்று எஞ்சியிருக்கிறது. பாலக்காட்டின் சித்தூர், கொழிஞ்சாம்பாறை பகுதிகளிலும், இடுக்கியின் தேவிகுளம், பீருமேடு, மறையூர் பகுதிகளிலும் தமிழ் பேசும் குடும்பங்கள் ஏராளம். தமிழ்வழிப் பள்ளிகளும் உள்ளன. தொடக்க நிலையில் மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் கற்பிக்க வசதி செய்ய வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 350-ஏ பிரிவு கூறுகிறது. மதகு திறக்கப்படும் என்ற எச்சரிக்கைப் பலகையைப் படிக்க முடியாத பிள்ளைக்கு அந்தப் பிரிவு வெறும் எழுத்தல்ல, உயிர்.

ஆகவே முகாம் தமிழிலும் மலையாளத்திலும் நடக்க வேண்டும். வாளையாரின் இருபுறமும் உள்ள பள்ளிகளுக்கு ஒரே வாகனம் போய்வரலாம். நதிநீர்ப் பங்கீட்டில் ஆண்டுக்கணக்கில் உச்ச நீதிமன்றத்தில் நிற்கும் இரு மாநிலங்களும், சர்ச்சைக்கே இடமில்லாத இந்த ஒரு விஷயத்தில் கூட்டாகச் செயல்பட எந்தத் தீர்ப்பும் தேவையில்லை. இரு மாவட்டங்களின் கல்வி அதிகாரிகளும் மீன்வள அதிகாரிகளும் ஒரு மேஜையில் அமர்ந்தால் போதும்.

மத்திய அரசு செய்ய வேண்டியது மூன்று. நீரில் மூழ்குதல் தடுப்புச் செயல்திட்டத்தில் நீர்த்தேக்கக் கரைப் பள்ளிகளைத் தனிப் பிரிவாக அடையாளம் காண்பது. மீன்வளத் திட்ட நிதியில் சிறு பங்கை இக்கல்விக்கு ஒதுக்குவது. நான்கு அமைச்சகங்களில் ஒன்றைப் பொறுப்பு அமைச்சகமாக அறிவிப்பது. தமிழக, கேரள உறுப்பினர்கள் கட்சி வேறுபாடின்றிக் கூட்டாக ஒரு தீர்மானம் கொடுத்தால், கடைசிக் கோரிக்கைக்காவது தில்லி பதில் சொல்லியே ஆக வேண்டும்.

கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவு தொடங்கி ஜூலை 31 வரை 52 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை. தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் தடை. மீன் குஞ்சு வளர்வதற்கு அவகாசம் தர நம் அரசுகள் கற்றுக்கொண்டிருக்கின்றன. கடலில் மீன்குஞ்சுக்குக் காட்டும் அந்த அக்கறையை, அணைக்கரையில் நிற்கும் பிள்ளைகளுக்கும் காட்ட வேண்டும் என்பதே எல்லைப்புற மக்களின் சார்பில் முன்வைக்க வேண்டிய கோரிக்கை.